பிறந்த ஊரில் வேலை கிடைக்குமா?



2020ஆம் ஆண்டில் மலேசியாவின் வேலையின்மை விகிதம் 4.5 விழுக்காடு. சபா மாநிலத்திலோ அது 8 விழுக்காடு. அது கோவிட் காலம் என்று சிலர் சொல்லலாம். ஆனால், அதற்கு முந்திய 2019ஆம் ஆண்டிலும் நாட்டின் விகிதம் 3.3 விழுக்காடாக இருக்க, சபாவில் 5.8 விழுக்காடு பதிவானது.

செம்பனை விளையும் வளமான மாநிலம் அது. ஆனால், அங்குள்ள தோட்டங்கள் பெரிதும் நம்பியிருப்பது அந்நியத் தொழிலாளர்களை. படித்த இளைஞர்களுக்கு ஏற்ற தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் அங்கே குறைவு. அதனால் பலர் தீபகற்பத்திற்கு விமானம் ஏறுகிறார்கள்.

விழுக்காடு குறைந்தால் மட்டும் மகிழ்ந்துவிட முடியாது. வாரத்தில் ஒரு மணி நேரம் சம்பளத்திற்கு உழைத்தவரும் கணக்கில் வேலை செய்பவரே. கிளந்தானை விட்டுக் கோலாலம்பூரில் குடியேறிய இளைஞர், கிளந்தானின் வேலையில்லாதோர் பட்டியலில் இடம்பெற மாட்டார். ஊர் காலியானாலும் விகிதம் குறையும்!

இந்நிலை மாறாததா? பினாங்கைப் பாருங்கள். 1969இல் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தபோது அங்கே வேலையின்மை கடுமையாக இருந்தது. 1972இல் பாயான் லெப்பாசில் தாராள வாணிப வட்டாரம் திறக்கப்பட்டது. மின்னியல் தொழிற்சாலைகள் வந்தன. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலைக்குச் சென்றார்கள்.

இளைஞர்கள் வேலையைத் தேடிப் போனது போதும். வேலையும் அவர்கள் ஊரைத் தேடி வரட்டும்!