கேமுக்குள் ஒரு வெள்ளவத்தை ஒழுங்கை

வீடியோ கேம் ஆடுபவர் ஓடித் திரியும் தெருவையும் கட்டடத்தையும் அவரே தன் கையால் அமைக்க உதவும் மென்பொருள்தான் லெவல் எடிட்டர். 1983இல் வந்த 'லோட் ரன்னர்' கேமிலேயே ஓர் எடிட்டர் இருந்தது. 1993 டிசம்பரில் வெளியான 'டூம்' தன் களங்களைத் தனிக் கோப்பில் வைத்திருந்ததால், அடுத்த ஆண்டே ரசிகர்கள் அதற்கு எடிட்டர் எழுதிவிட்டார்கள். 'கவுண்டர் ஸ்ட்ரைக்' கேமை ஆடியவர்களுக்கு நன்கு தெரிந்த 'டஸ்ட்' களத்தை, அதாவது மேப்பை, 1999இல் அமைத்த டேவ் ஜோன்ஸ்டனும் அப்போது பதின்ம வயது ரசிகர்தான்.

பழகத் தொடங்குபவருக்கு 'ஹாஃப் லைஃப்' வகைக் கேம்களுக்கான ஹாமர், 'குவேக்' கேமுக்கு இலவசமாகக் கிடைக்கும் ட்ரெஞ்ச்புரூம் இரண்டும் ஏற்றவை. எதை அமைப்பது என்பதற்குக் கொழும்பில் வெள்ளவத்தையைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. காலி வீதியும் மரைன் டிரைவும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. நடுவே ஒழுங்கைகள் குறுக்காக இறங்குகின்றன. மேற்கே புகையிரதப் பாதையும் கடலும், வடக்கிலும் தெற்கிலும் கால்வாய்கள். ஆடுபவர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்குப் பொய்ச் சுவர் எழுப்பத் தேவையில்லை, ஊரே எல்லை போட்டுத் தந்திருக்கிறது.

முதல் சிக்கல் அளவு. ஹாஃப் லைஃபில் நிற்கும் ஆளின் உயரம் 72 அலகு. ஓர் அடிக்கு 16 அலகு என்ற கணக்கில் 250 மீற்றர் ஒழுங்கை 13,000 அலகுகளைத் தாண்டும். ஆனால் அந்தக் கேமில் ஒரு மேப்பின் முழு நீளமே 8,192 அலகுதான். இடம் இருந்தாலும், நொடிக்கு 250 அலகு ஓடும் கவுண்டர் ஸ்ட்ரைக் வீரருக்கு அந்த ஒழுங்கையைக் கடக்க ஐம்பது நொடி பிடிக்கும். அதற்குள் ஆடுபவர் சலித்துவிடுவார். ஆகவே ஒழுங்கையைச் சுருக்க வேண்டும், ஆனால் கேற்றும் மதிலும் ஆள் உயரத்துக்குப் பொருந்திய அளவிலேயே இருக்க வேண்டும். எதை வெட்டுவது, எதை விடுவது என்ற இந்தத் தெரிவில்தான் மேப் அமைப்பவரின் கைத்திறன் தெரியும். ஒழுங்கை வளையும் இடமும் தொடர்மாடியின் படிக்கட்டும் தங்க வேண்டும். ஒரே மாதிரியான மதில்கள் போகலாம்.

அடுத்தது, பலரை முதல் வாரத்திலேயே கைவிட வைக்கும் சிக்கல்: ஒழுக்கு. இந்த எடிட்டர்களில் சுவர், தரை, வானம் எல்லாம் சேர்ந்து தண்ணீர்த் தாங்கி போல முழுதாக மூடியிருக்க வேண்டும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் தெரியும் என்று மேப்பை உருவாக்கும் நிரல் முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கிறது. ஓர் அலகு இடைவெளி இருந்தாலும் அந்தக் கணக்கு நின்றுவிடும், கேம் திணறும். நிரல் எழுதித் தரும் கோப்பை எடிட்டரில் திறந்தால், உள்ளேயிருந்து வெளியே ஓடும் கோடு ஒன்று தோன்றும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஓட்டை அகப்படும். மேப்பைச் சுற்றி ஒரு பெரிய பெட்டியைப் போட்டு மூடிவிடுவது சோம்பல் வழி. கணக்கு பல மடங்கு பெருகும், ஓட்டை அங்கேயே இருக்கும்.

ஆடுபவர் திசை தவறாமலிருக்கத் தூரத்தில் ஓர் அடையாளம் வேண்டும். வெள்ளவத்தைக்குப் பதில் கொழும்பின் கொட்டாஞ்சேனையை அமைப்பவருக்குப் புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம் அந்த வேலையைச் செய்யும். எந்த ஆட்டத்துக்கு மேப் அமைப்பது என்பதும் ஒரு தெரிவுதான். வெடிகுண்டின் வேதனை அறிந்த இந்த நகரத்தைக் கவுண்டர் ஸ்ட்ரைக்கின் குண்டு வைக்கும் ஆட்டத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஒளித்துப் பிடித்தலும் ஓட்டப் போட்டியும் இதே தெருக்களில் நன்றாகவே நடக்கும்.

பிறகு மற்றவர்களை ஆடவிட்டு, வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். அவர்கள் தடுமாறும் மூலை திருத்தப்பட வேண்டிய மூலை. வெளியிடும்போது சுவர்ப் படங்களையும் மேப்போடு சேர்க்க மறக்கக் கூடாது. தவறினால், ஹாஃப் லைஃப் 2 வகைக் கேம்களில் மதில்களெல்லாம் ஊதாவும் கறுப்புமான கட்டங்களாகத் தெரியும்.