கோழிக் கணக்கையும் கூட்டத்தில் எழுதுவோம்

(களமருதூரில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில், பசு சகியாகப் பணியாற்றும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கோழி நோவைப் பற்றிப் பேசச் சொல்லி எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. "கடன், வங்கி இணைப்பு, தையல் பயிற்சின்னு பெரிய பெரிய விஷயம் எல்லாம் இருக்கும்போது கோழியைப் பத்திப் பேச என்ன இருக்கு?" என்று சிலர் நினைக்கலாம். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

மாடு வித்த காசு வீட்டுக் கணக்கில் போகும். நெல்லு வித்த காசு கடன்காரனுக்குப் போகும். கோழி வித்த காசு ஒண்ணுதான் நம்ம முந்தானையில முடியும். பிள்ளைக்கு நோட்டு வாங்கணுமா, மாமியாருக்கு மாத்திரை வாங்கணுமா, குழுவுக்கு இந்த மாசச் சேமிப்பு கட்டணுமா, ஒரு கோழியைப் பிடிச்சு வித்தா ஆச்சு. யாரையும் கேட்க வேண்டியதில்லை. மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களிலும் இதே கதைதான். அதனால், பத்துக் கோழி ஒரே வாரத்தில் செத்துப்போனால் அது கோழி நஷ்டம் மட்டும் இல்லை. ஒரு பெண்ணின் கையிருப்பே போய்விட்டது என்று அர்த்தம்.

சரி, கோழி ஏன் கூட்டம் கூட்டமாகச் சாகிறது? நம்ம பக்கத்தில் அதிகமாக வருவது வெள்ளைக்கழிச்சல். டாக்டர்கள் இதை ராணிக்கெட் நோய் என்பார்கள். உத்தராகண்டில் உள்ள ராணிக்கேத் என்ற ஊரின் பெயரால் வந்த பெயர் அது. கோழி தூங்கி வழியும், தீனி எடுக்காது, வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலதுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையில் 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் அந்த மருந்து தயாராகிறது. ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி மாதம் கால்நடைத் துறை இரண்டு வார முகாம் நடத்தி ஊர் ஊராக வந்து இலவசமாகப் போடுகிறது. 8 வாரத்துக்கு மேற்பட்ட எல்லாக் கோழிக்கும் போடலாம். நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: முகாம் அன்றைக்குக் காலையில் கொடாப்பைத் திறக்காதீங்க. திறந்துவிட்டால் கோழி காட்டுக்குப் போயிடும், பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்த மருந்து வீணாப் போயிடும்.

இன்னொரு நோய் பறவைக் காய்ச்சல். இது வெள்ளைக்கழிச்சல் மாதிரியே தொடங்கும். ஆனால் வேகம் அதிகம். நேற்று சாயந்திரம் நன்றாக இருந்த கோழி காலையில் செத்துக் கிடக்கும். தலை வீங்கும், கொண்டையும் தாடியும் நீலம் பாரிக்கும், காலில் ரத்தம் கட்டியது போலச் சிவப்பு தெரியும், முட்டை சட்டென்று நின்றுபோகும். இது வெள்ளைக்கழிச்சலா, பறவைக் காய்ச்சலா என்று கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது, இங்கே உட்கார்ந்திருக்கும் டாக்டர் அம்மாவாலும் முடியாது. மாதிரி எடுத்து அனுப்பணும். நம் நாட்டில் கடைசியாக உறுதி செய்வது போபாலில் இருக்கிற உயர் பாதுகாப்பு கால்நடை நோய் ஆய்வகம்.

இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் வந்தது. அது பண்ணைக் கோழிகள் அதிகம் உள்ள ஊர். ஆனால் நமக்குப் பாடம் 2008-ல் மேற்கு வங்காளத்தில் நடந்தது. அங்கே நம்மைப் போலவே வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலில் கோழியும் வாத்தும் வளர்க்கிறார்கள். ஜனவரியில் பீர்பூம் மாவட்டத்தில் தெரியவந்த நோய், மாநிலத்தின் 19 மாவட்டங்களில் 13-க்குப் பரவியது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளை அழித்தார்கள். அழிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் கோழியை ஒளித்து வைத்தவர்கள் உண்டு. அவசர அவசரமாக விற்றவர்கள் உண்டு, அறுத்துத் தின்றவர்களும் உண்டு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கையில் இருப்பது போகப்போகிறது, பதிலுக்கு என்ன வரும், எப்போது வரும் என்ற நம்பிக்கை இல்லை. அந்த இடத்தில் நாம் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் ஒளித்த கோழியோடு நோயும் ஒளிந்துகொண்டு அடுத்த ஊருக்குப் போயிடுதே!

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2014 நவம்பரில் குட்டநாட்டு வாத்துகளுக்கு வந்தது. பிறகு 2016-ல், 2021-ல் என்று திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் நம் அரசு எல்லைச் சோதனைச் சாவடிகளில் வண்டிகளுக்குக் கிருமிநாசினி தெளித்தது, நாமக்கல் பண்ணைக்காரர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். 2025 தொடக்கத்தில் ஆந்திராவில் கோதாவரி மாவட்டங்களில் வந்தது.

நம்ம ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், அறுவடை முடிந்த வயலில் வெளியூரிலிருந்து வாத்துக் கூட்டம் ஓட்டிக்கொண்டு வருகிறார்களே, அதுதான். உதிர்ந்த நெல்லை மேய்ந்துகொண்டு ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குப் போகும். வெளிநாட்டுப் பறவைகளும் அதே மாதங்களில்தான் ஏரிக்கு வருகின்றன. வாத்தும் நீர்ப்பறவையும் பல நேரம் நோய்க்குறி ஒன்றும் காட்டாமலே கிருமியைச் சுமக்கும். அதன் எச்சம் விழுந்த தண்ணீரை நம்ம கோழி குடித்தால் போதும். வாத்துக்காரர்மேல் கோபப்பட வேண்டாம், அவரும் வயிற்றுப் பிழைப்புக்கு வருகிறவர்தான். ஆனால் மார்கழியிலிருந்து மாசி வரைக்கும் கோழியை ஏரிக்கரைக்கு விடாமல் பார்த்துக்கொள்ளலாம், வீட்டுத் தண்ணீரை வைக்கலாம், நம் வாத்தையும் கோழியையும் ஒரே கூண்டில் அடைக்காமல் இருக்கலாம். இதற்குக் காசு செலவே இல்லை.

மனுஷங்களுக்கு வருமா என்று கேட்பீங்க. அரிதாக வரும். ஆனால் வந்தால் ஆபத்து. 2021-ல் ஹரியானாவைச் சேர்ந்த 11 வயதுப் பையன் டெல்லியில் இறந்தான். 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் 2 வயதுப் பெண்குழந்தை இறந்தது. கறி நறுக்கும்போது குழந்தை பச்சைத் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டதாக வீட்டார் சொன்னார்கள் என்று செய்தியில் வந்தது. ஆகவே நன்றாக வெந்த கறிக்கும் முட்டைக்கும் பயப்பட வேண்டாம், 70 டிகிரி சூட்டில் அந்தக் கிருமி செத்துவிடும். பயப்பட வேண்டியது சாகக் கிடக்கும் கோழியை அறுப்பதற்கும், அதன் இறகைப் பிடுங்குவதற்கும், அந்த இடத்தில் குழந்தையை விளையாட விடுவதற்கும்தான். "சாகிறதுக்குள்ள அறுத்துடு, வீணாப் போகுது" என்று நம்ம ஆயா காலத்துப் பழக்கம் ஒன்று இருக்கே, அதை நிறுத்தணும். 2024-ல் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கே இந்தக் கிருமி தொற்றியிருக்கிறது. அதனால் பாலையும் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

இப்போது எல்லோர் மனதிலும் இருக்கிற கேள்விக்கு வருகிறேன். "சொன்னா ஊர்க்கோழி மொத்தத்தையும் அழிச்சிடுவாங்களே?" நான் மழுப்பாமல் சொல்கிறேன். பறவைக் காய்ச்சல் என்று உறுதியானால், நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் வளர்ப்புப் பறவைகளை அழிப்பார்கள். ஆழக்குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பார்கள். 10 கிலோமீட்டர் வரைக்கும் கண்காணிப்பு இருக்கும். மறுபடி கோழி விட மாதக்கணக்கில் காத்திருக்கணும். உண்மைதான்.

ஆனால் இரண்டு விஷயத்தை யோசித்துப் பாருங்க. ஒன்று, நம்ம பக்கத்தில் சாகிற கோழிகளில் பெரும்பாலானவை வெள்ளைக்கழிச்சலில் சாகின்றன. அதற்கு யாரும் கோழியை அழிக்க வரமாட்டார்கள், தடுப்பூசி போடத்தான் வருவார்கள். சொல்லாமல் விட்டால் அந்த உதவியும் போச்சு. இரண்டு, நஷ்டஈடு என்பது உயிரோடு இருந்து அரசு அழித்த கோழிக்குக் கணக்கிடுவது. மத்திய அரசும் மாநில அரசும் பாதிப்பாதி போட்டுக் கொடுக்கின்றன. குட்டநாட்டில் பெரிய வாத்துக்கு 200 ரூபாய், சின்ன வாத்துக்கு 100 ரூபாய் கொடுத்தார்கள். தானாகச் செத்த கோழிக்குக் கேட்டு வாங்குவது கஷ்டம். அப்படியானால் பத்து நாள் மறைத்து வைத்து இருபது கோழியைச் சாகவிட்டவளுக்குத்தான் நஷ்டம் அதிகம். முதல் நாளே சொன்னவளுக்கு நஷ்டம் குறைவு.

நான் பார்க்கிற ஊர்களில் ஒரு தெருவில் ஒரே வாரத்தில் அறுபது கோழிக்குமேல் செத்தது. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். "எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல" என்றுதான் எல்லா வாசலிலும் பதில். ஒரு அக்கா மட்டும் பின்பக்கமாகக் கூப்பிட்டு, செத்த கோழியைக் காட்டினாங்க. "நான் சொன்னேன்னு சொல்லிடாத" என்றாங்க. டாக்டர் வந்தாங்க, மாதிரி போனது, வெள்ளைக்கழிச்சல் என்று வந்தது. பக்கத்துத் தெருக்களில் உடனே ஊசி போட்டார்கள். அங்கே நோவு தாண்டவில்லை. ஆனால் அந்த அக்காவுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? "ஊருக்குள்ள டாக்டரைக் கூட்டிவந்தவ" என்ற பேர். இரண்டு மாதம் குழுக் கூட்டத்தில் அவங்க பக்கத்தில் யாரும் சரியாகப் பேசவில்லை. மூன்று தெருக் கோழியைக் காப்பாற்றியவங்களை நாம் நடத்துகிற விதம் இதுவா? இப்படி இருந்தால் அடுத்த தடவை யார் வாய் திறப்பாங்க?

அதனால் இந்த மேடையில் கூட்டமைப்பின் முன் நான்கு கோரிக்கை வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு, கடன் தவணை எழுதியபிறகு, இன்னும் ஒரு வரி எழுதுவோம். யார் வீட்டில் எத்தனை கோழி, எத்தனை வாத்து, போன கூட்டத்துக்குப் பிறகு எத்தனை செத்தது. இது நோயைக் கண்டுபிடிக்கவும் உதவும், நாளைக்கு நஷ்டஈடு கேட்கும்போது "உனக்கு இத்தனை கோழி இருந்ததுக்கு என்ன ஆதாரம்?" என்றால் எடுத்துக் காட்டவும் உதவும். ஒரு வீட்டில் இரண்டு செத்தது சாதாரணமாகத் தெரியும். ஐந்து வீட்டில் இரண்டிரண்டு என்று ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் அது நோவு என்று புரியும்.

இரண்டாவது, ஒரே நாளில் இரண்டு மூன்று கோழி திடீரென்று செத்தாலோ, ஏரிக்கரையில் காக்கா, கொக்கு செத்துக் கிடந்தாலோ, அன்றைக்கே பசு சகிக்கோ கால்நடை மருந்தகத்துக்கோ சொல்வோம். 1962-க்குப் போன் போட்டாலும் போதும். செத்ததை வெறுங்கையால் தொட வேண்டாம். பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, நாய், காக்கா இழுக்காமல் கூடை போட்டு மூடி வைங்க. ஏரியிலோ குப்பையிலோ வீசாதீங்க. டாக்டர் பார்த்தபிறகு ஆழமாகப் புதைக்கலாம். மலைமேல் உள்ள சகோதரிகளுக்கு டாக்டர் வர நேரமாகும், அதனால் அவங்கதான் எல்லோருக்கும் முன்னால் சொல்லணும்.

மூன்றாவது, நோவு வந்த தெருவிலிருந்து மிச்சக் கோழியை பைக்கில் வரும் வியாபாரிக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட மாட்டோம். அந்தக் கூடை அடுத்து நிற்பது நம் அக்கா தங்கச்சி வீட்டு வாசலில்தான்.

நான்காவது, கோழி பறிகொடுத்த உறுப்பினருக்குக் கூட்டமைப்பின் பொது நிதியிலிருந்து சின்ன அவசரக் கடன் உடனே கிடைக்கணும், அந்த மாதத் தவணைக்கு அபராதம் போடக் கூடாது. அரசு நஷ்டஈடு வரும்போது வரட்டும். அதுவரைக்கும் கை கொடுக்க ஆள் இருக்கு என்று தெரிந்தால் யாரும் கோழியை ஒளிக்க மாட்டாங்க. முதலில் சொன்ன உறுப்பினருக்கு அடுத்த ஆண்டு விழாவில் இந்த மேடையிலேயே ஒரு பொன்னாடை போர்த்துவோம்.

இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று தலைவி அக்காவையும் நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறேன். வருகிற பிப்ரவரி முகாமுக்கு எந்தத் தேதியில் எந்தத் தெரு என்று டாக்டர் அம்மா சொன்னதும், குழு வாரியாக உங்கள் வீட்டுக்கு வந்து சொல்கிறேன்.