நாளைக்கு ஓட்டு



நாளை பொழுது விடிந்தால் வாக்குப்பதிவு. பால் கறக்கணும், மடை திருப்பணும். அதுக்கு மேலே மனசிலே ஒரு படபடப்பு. “கடன் கொடுத்தவர் சொன்ன ஆளுக்குப் போடலேன்னா தெரிஞ்சிடுமோ?” என்று சிலருக்குப் பயம்.

தெரியாது. மறைப்புக்குள்ளே நீங்கள் ஒருவர்தான். பொத்தானை அழுத்தினதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் நீங்கள் போட்ட சின்னம் 7 விநாடி தெரியும். பிறகு அந்தச் சீட்டு அறுந்து உள்ளே விழுந்துவிடும். அதில் உங்கள் பெயர் கிடையாது. விரல் மை ஓட்டுப் போட்டதைத்தான் சொல்லும். யாருக்கு என்று சொல்லாது.

“என் ஒரு ஓட்டிலா ஆகப்போகுது?” என்பீர்கள். நம் ஈரோடு மாவட்டத்துக்கு அடுத்தாற்போல் இருக்கிற கர்நாடகத்துச் சாமராஜநகர் மாவட்டம். அங்கே சந்தேமரஹள்ளித் தொகுதியில் 2004-ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் ஒருவர் தோற்றது ஒரே ஒரு ஓட்டில்தான்.

வாக்காளர் அட்டையை இன்றைக்கே எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் ஆதார் போதும். ஆனால் பட்டியலில் பெயர் இருக்கணும். வேலை முடிந்து தாமதமானாலும், நேரம் முடியுமுன் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுத்து ஓட்டுப் போட விடுவார்கள்.

பயத்தை வரப்பிலேயே விட்டுவிட்டுப் போய் வாருங்கள்.