விடுதி பாய்லர்: ஆளை எண்ணி அளவு பாருங்கள்

 

மதரஸா விடுதியில் பாய்லர் பழுதானால், பழைய அளவிலேயே புதியதை வாங்கிவிடுகிறோம். முதலில் ஆட்களை எண்ணுங்கள்.

60 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 10 லிட்டர் வெந்நீர். அதே அளவு பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்க இதமாக இருக்கும். மொத்தம் 600 லிட்டர். நம் காஞ்சிபுரத்தில் மார்கழித் தொட்டித் தண்ணீரை 25 டிகிரி என்று கொண்டால், 60 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 24 யூனிட் மின்சாரம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் சூடாக 12 கிலோவாட் வேண்டும். சுப்ஹுக்கு முன் நான்கு மணி நேரம் ஓடவிட்டால் 6 போதும். வீணாகும் சூட்டுக்காகச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மக்கள் தந்த பணம் அமானிதம். தேவைக்கு மேல் வாங்குவது வீண்விரயம். மிச்சமாவது பிள்ளைகளின் புத்தகத்துக்கு உதவட்டும். அல்லாஹ் அருள்வானாக, ஆமீன்.