கிருமிக்குள் ஒரு நிறுத்தக் குறி

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்னிசையும் நாடகமும் காத்திருக்கும் வேளையில் கிருமியைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்திருப்பதைப் பொறுத்தருள வேண்டுகிறேன். யான் ரயில்வே எழுத்தன். மெட்ரிகுலேஷனுக்கு மேல் கற்றவனல்லேன். ஆயினும் ஓய்வு வேளைகளில் சில ஆண்டுகளாகப் படித்துவரும் இப்பொருள் எங்கள் தொழிலுக்கு அயலானதன்று. வண்டியைக் கிளப்புவதினும் உரிய இடத்தில் நிறுத்துவதே அரிது என்பதை எங்களவர் நன்கு அறிவர்.

நம் குடலில் வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவின் மரபுச் செய்தி ஏறக்குறைய 46 லட்சம் எழுத்துக்களைக் கொண்ட டி.என்.ஏ. இழையில் அடங்கியுள்ளது. அதில் வேண்டிய பகுதியை மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் நகலாகப் படியெடுப்பது பாலிமரேஸ் என்ற நொதி. நொடிக்கு ஏறத்தாழ 40, 50 எழுத்து என்பது அதன் வேகம். உரிய இடத்தில் அது நில்லாவிடில் வேண்டாத பகுதிகளும் நகலாகும். கிருமியின் ஆற்றல் வீணாகும். அதன் உயிருக்கே கேடு வரலாம்.

நிறுத்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில், நகல் இழையே மடிந்து கொண்டை ஊசி போலாகி நொதியைத் தளர்த்திவிடும். மற்றதற்கு ஒரு புரதம் வேண்டும். 1969-ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ராபர்ட்ஸ் என்பார் அதைக் கண்டறிந்து 'ரோ' எனப் பெயரிட்டார். ஒரே வகையான ஆறு உறுப்புக்கள் வளையமாகக் கூடியது அது. நகல் இழையைப் பற்றிக்கொண்டு நொதியைத் துரத்திப் பிடிக்கிறது என்றே நெடுங்காலம் கருதினர். 2021-இல் வெளிவந்த ஆய்வுகளோ, அது முன்னரே நொதியின் மேல் ஏறி அமர்ந்து, தக்க தருணத்தில் அதன் பிடியைக் குலைப்பதாகக் காட்டின. துரத்தும் காவலனைவிட உடன் பயணம் செய்யும் கார்டு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இனி கொள்ளைக்காரன் வருகிறான். எஸ்தர் லெடர்பெர்க் அம்மையார் 1950-இல் கண்டறிந்த லாம்டா என்னும் வைரஸ் பாக்டீரியாவைத் தாக்குவது. அதற்குச் சொந்தமாகப் பாலிமரேஸ் கிடையாது. கிருமியின் நொதியையே நம்பியிருக்கிறது. அந்நொதியோ லாம்டாவின் டி.என்.ஏ.யில் சிறிது தொலைவு ஓடியதும் நிறுத்தக் குறியில் நின்றுவிடும். எனினும் அதற்குள் 'என்' என்ற சிறு புரதத்துக்குரிய செய்தி நகலாகிவிடுகிறது. இந்த 'என்', நகல் இழையில் உள்ள 'நட்' என்னும் குறியைப் பற்றி, நொதியோடும் இணைந்து, அடுத்தடுத்த நிறுத்தங்களை நிற்காமல் கடக்கச் செய்கிறது.

சிவப்பு விளக்கைக் கடக்க வேண்டுமாயின் ஓட்டுநருக்கு எழுத்து மூலம் அனுமதி தருவது எங்கள் வழக்கம். அதில் பொறுப்புள்ளவர் கையொப்பம் இருக்க வேண்டும். இங்கோ கையொப்பமிடுபவன் கொள்ளைக்காரன். காகிதமும் பேனாவும் நிலையத்தினுடையவை! 'என்' தனியே நெடுந்தொலைவு சாதிப்பதில்லை. 'நஸ்' எனப்படும் கிருமியின் சொந்தப் புரதங்கள் துணை நின்றாக வேண்டும்.

பின்னர் 'கியூ' என்ற இரண்டாம் புரதம் வருகிறது. நகல் வெளிவரும் வாயிலை அது குறுக்குவதால் கொண்டை ஊசி மடிய இடமில்லை. நொதி சுமார் 26,000 எழுத்துக்களை ஒரே ஓட்டமாகப் படியெடுக்கிறது. வைரஸின் தலையும் வாலும், கிருமியை உடைத்து வெளியேறும் கருவிகளும் அந்நீண்ட நகலிலிருந்தே பிறக்கின்றன.

எனக்குப் பெருவியப்பளிப்பது வேறொரு வைரஸ். ஹெச்.கே. 022 என்பது அதன் பெயர். அது ஒரு கிருமிக்குள் அமைதியாகக் குடியேறியபின், அங்கே லாம்டா நுழைந்தால் 'நன்' என்ற புரதத்தால் தடுக்கிறது. அந்த 'நன்' சென்று பற்றுவதும் லாம்டாவின் அதே 'நட்' குறியைத்தான்! 'என்' பற்றினால் ஓட்டம். 'நன்' பற்றினால் நொதி அங்கேயே உறைந்து நிற்கும். தன் நகலில் அந்தக் குறியை வைத்துக்கொள்ளாமையால் ஹெச்.கே. 022-க்கு அதனால் தீங்கில்லை.

இவையெல்லாம் நமக்கு எதற்கு எனலாம். பல கிருமிகளுக்கு ரோ இன்றியமையாதது. மனித உடலிலோ அது இல்லை. ஆதலின் மருந்துக்கு ஏற்ற இலக்கு. 1972-இல் ஜப்பானியர் அறிவித்த பைசைக்ளோமைசின் ரோவைத்தான் முடக்குகிறது. பி4 என்ற வைரஸின் மேலுறையில் அமைந்த 'பிசு' என்னும் புரதமும் ரோவை அடக்கவல்லது. நம் நாட்டில், ஐதராபாத்திலுள்ள டி.என்.ஏ. கைரேகை ஆய்வு மையத்தினர் 'பிசு' ரோவோடு பொருந்தும் விதத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, அதன் சிறு துண்டுகளைக் கொண்டே ரோவை முடக்க முயன்றிருக்கின்றனர். வைரஸிடம் கற்ற வித்தையைக் கிருமியின் மீதே ஏவும் முயற்சி இது.

காசநோய்க் கிருமிக்கும் ரோ இன்றி உயிர்வாழ்வில்லை என 2017-இல் தெரியவந்தது. ஆயினும் பைசைக்ளோமைசினுக்கு அக்கிருமியின் ரோ மசிவதில்லை. அம்மருந்து சென்று பொருந்தவேண்டிய குழியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறி அமைந்து வழியை அடைத்திருக்கிறது. அந்த அடைப்பைக் கடந்து பொருந்தக்கூடிய மருந்தே இனி வேண்டப்படுவது.