கல்லுக்குள் உயிர் தேடியவர்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



எஞ்சினியரைக் கூப்பிட்டால் பாலம், மோட்டார் என்று ஏதாவது பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப் போவது ஒரு கல்லைப் பற்றி. எடை 1.93 கிலோ. வீட்டில் அம்மிக் குழவி இதைவிடக் கனமாக இருக்கும். 1984 டிசம்பரில் அண்டார்டிகாவின் ஆலன் ஹில்ஸ் பனிப்பரப்பில் கிடைத்தது. முதலில் வேறு ஏதோ விண்கல் என்று பட்டியலில் எழுதி வைத்துவிட்டார்கள். அது செவ்வாயிலிருந்து தெறித்து வந்த கல் என்று 1990-களில்தான் தெரிந்தது.

1996 ஆகஸ்ட் 7 அன்று நாசா வாஷிங்டனில் பத்திரிகையாளர்களைக் கூட்டியது. அந்தக் கல்லில் பழங்கால உயிரின் தடயம் இருக்கலாம் என்று டேவிட் மக்கே குழுவினர் அறிவித்தார்கள். ஜனாதிபதி கிளிண்டனே அன்று அதைப் பற்றிப் பேசினார். உலகமே கொண்டாடிய அந்த மேடையில் ஒருவர் மட்டும், "இருங்கப்பா, இது போதாது" என்கிற மாதிரி பேசினார். அவர்தான் வில்லியம் ஷாப்ஃப், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தொல்லுயிரியல் பேராசிரியர். அவரை அழைத்ததும் நாசாதான். அதை நான் நாசாவுக்குப் பெருமை என்றே சொல்வேன்.

ஷாப்ஃப் சாதாரண ஆள் இல்லை. ஹார்வர்டில் எல்சோ பார்கோர்னிடம் படித்தவர். சிக்கிமுக்கி வகைப் பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் நுண்ணுயிர்ப் படிவங்களைத் தேடுவதுதான் அவர் தொழில். அப்பல்லோ 11 கொண்டுவந்த நிலா மண்ணையும் அவர் பார்த்தார். அதில் உயிரின் சுவடே இல்லை. 1993-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஏபெக்ஸ் பாறையில், சுமார் 346 கோடி ஆண்டுப் பழமையான 11 வகை நுண்ணுயிர்ப் படிவங்களைக் கண்டதாக எழுதினார். உலகின் மிகப் பழைய உயிர்ப் படிவங்கள் என்று அவை பாடப்புத்தகங்களில் ஏறின.

செவ்வாய்க் கல்லில் காட்டிய முட்டை வடிவத் துகள்கள் 20 முதல் 100 நானோமீட்டர். பெரியதுகூட தலைமுடிக் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்! இதற்குள் ஒரு உயிரணு வேலை செய்யச் சாமான்கள் எங்கே அடங்கும்? செல் சுவர் எங்கே? செல் பிரிந்ததற்கு அடையாளம் எங்கே? உருவம் ஒத்துப்போனால் போதாது என்றார் ஷாப்ஃப்.

ஆறு வருஷம் கழித்து, 2002-ல், இதே கேள்வி அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. ஆக்ஸ்ஃபோர்டின் மார்ட்டின் பிரேசியர் ஏபெக்ஸ் மாதிரிகளை மறுபடி பார்த்தார். இந்தப் பாறை கடலோரத்தில் படிந்தது அல்ல, வெந்நீர் பாய்ந்த பிளவில் உண்டானது. இவை உயிரே இல்லை, கார்பன் ஒட்டிக்கொண்ட வெறும் வடிவங்கள் என்று நேச்சர் இதழில் எழுதினார். அதே இதழில் ஷாப்ஃப் லேசர் கொண்டு சோதித்து, இது உயிரிலிருந்து வந்த கார்பன்தான் என்றார். அந்தச் சோதனையால் அதைப் பிரித்தறிய முடியாது என்றார்கள் மற்றவர்கள். சண்டை பலமாகவே நடந்தது.

பிரேசியர் 2014-ல் இறந்துவிட்டார். ஷாப்ஃப் விடவில்லை. 2017-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் வேலியோடு சேர்ந்து, 11 படிவங்களில் ஒவ்வொன்றிலும் கார்பன் 12, கார்பன் 13 விகிதத்தை அளந்து வெளியிட்டார். உயிர்கள் இலேசான கார்பனையே அதிகம் எடுத்துக்கொள்ளும் என்பது அடிப்படை. விகிதம் உயிருக்குப் பொருந்துகிறது, வகைக்கு வகை மாறவும் செய்கிறது என்றார்கள். எனக்கு அது வலுவான சான்றாகத் தெரிகிறது. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை.

செவ்வாய்க் கல்லில் இருந்த கரிமப் பொருள், நீரும் பாறையும் சேர்ந்து வினைபுரிந்ததாலேயே உண்டாகியிருக்கும் என்று 2022-ல் ஆண்ட்ரூ ஸ்டீல் குழுவினர் காட்டினார்கள்.

தம்பி தங்கைகளுக்கு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். ஷாப்ஃப் தன் ஏபெக்ஸ் சில்லுகளை வீட்டில் பூட்டி வைக்கவில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கொடுத்து வைத்திருந்தார். பிரேசியர் அவரை மறுத்தது, அங்கே போய் அதே சில்லுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துத்தான்.