கரைப்பானும் புரோட்டான் கோடும்

ஒரு சேர்மத்தைக் கரைத்துவிட்டதும் கரைப்பானின் பணி முடிந்தது என்றே நாம் எண்ணுகிறோம். புரோட்டானின் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையைச் சற்று நோக்கினால் அவ்வெண்ணம் நிலைக்காது.

வலிய காந்தப் புலத்தில் வைக்கப்பட்ட ஹைட்ரஜன் அணுக்கரு, தனக்குரிய அதிர்வெண் கொண்ட ரேடியோ அலையை ஏற்கிறது. சூழ்ந்துள்ள எலெக்ட்ரான்கள் புலத்தைச் சிறிது மறைப்பதால், மூலக்கூறில் ஹைட்ரஜன் அமைந்த இடத்திற்கேற்ப அவ்வதிர்வெண் வேறுபடும். 1951-ஆம் ஆண்டில் ஆர்னால்டு, தர்மட்டி, பாக்கார்டு என்னும் மூவர் எத்தில் ஆல்கஹாலில் மூன்று தனிக் கோடுகளைக் காட்டினர். இவர்களுள் தர்மட்டி நம் நாட்டவர் என்பதை இங்கே நினைவுகூரலாம். கோடுகளின் இடத்தை இன்று டெட்ராமீதைல் சிலேனின் கோட்டிலிருந்து, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என அளக்கிறோம்.

கரைப்பானிலும் ஹைட்ரஜன் உண்டே, அதன் பேரொலியில் கரைபொருளின் குரல் அமிழ்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். அதற்காகவே ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியம் அமைந்த கரைப்பான்களைக் கையாளுகின்றனர். ஆயினும் அத்தகைய குளோரோஃபாமிலும் எஞ்சிய சிறு ஹைட்ரஜன் 7.26-இல் தலைகாட்டவே செய்யும்.

இனி, கரைப்பானில் கலந்துள்ள சிறிதளவு ஈரத்தைப் பாருங்கள். நீரின் கோடு குளோரோஃபாமில் 1.56-இலும், அசிட்டோனில் 2.84-இலும், டைமீதைல் சல்ஃபாக்சைடில் 3.33-இலும் விழுகிறது. நீர் ஒன்றுதான், இடமோ மூன்று! சல்ஃபாக்சைடின் ஆக்சிஜன் நீரின் ஹைட்ரஜனை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கிறது. அதனால் அந்த ஹைட்ரஜனைப் போர்த்திய எலெக்ட்ரான் திரை மெலிகிறது; கோடு உயர்ந்த எண்ணை நோக்கி நகர்கிறது. குளோரோஃபாமிலோ அத்தகைய வலிய பற்று இல்லை.

பென்சீன் செய்யும் வேலை இதற்கு நேர்மாறானது. அதன் தட்டையான வளையத்தில் எலெக்ட்ரான்கள் காந்தப் புலத்தால் சுழன்றோடி, வளையப் பரப்பின் மேலும் கீழும் எதிர்ப்புலம் ஒன்றை உண்டாக்குகின்றன. அப்பரப்பை அண்டிய மூலக்கூறின் கோடு தாழ்ந்த எண்ணுக்கு இறங்கும். குளோரோஃபாமில் 2.17-இல் தோன்றும் அசிட்டோன், பென்சீனில் 1.55-இல் தோன்றுவது இதனாலேயே.

இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குளோரோஃபாமில் 1.56 என்றால் ஈரம், பென்சீனில் 1.55 என்றால், குடுவையைக் கழுவிய அசிட்டோன் முற்றும் உலரவில்லை என்று ஐயுறலாம். கரைப்பானின் பெயரைக் குறிக்காத ஏட்டிலிருந்து இவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? புதிய சேர்மம் கிடைத்ததென்று மகிழும் மாணவர், உண்மையில் ஈரத்தையே கண்டிருக்கவும் கூடும்.

இத்தொல்லையே சில வேளைகளில் துணையும் ஆகிறது. குளோரோஃபாமில் இரு கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மயக்கினால், அச்சேர்மத்தையே பென்சீனில் கரைத்து மீண்டும் பதிவு செய்கின்றனர். வளையத்தை அணுகும் பாங்கு ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் வேறாகையால், பெரும்பாலும் கோடுகள் விலகி நிற்கும்.